கடல் குடலாகாமல்: பழைய தமிழ்க் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்ற ஒரு முழுமையான வழிகாட்டி

குடும்பக் கணினியின் ஏதோ ஒரு மூலையிலோ, அச்சகத்துப் பழைய சிடி அடுக்கிலோ, ஊர்ச் சங்கத்தின் மலர்க்குழு விட்டுச்சென்ற பென்டிரைவிலோ ஒரு தமிழ்க் கோப்பு கிடைக்கிறது. அதை இன்றைய மடிக்கணினியில் திறந்தால், தாத்தா எழுதிய தல வரலாற்றுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் தாறுமாறாகக் கொட்டிக் கிடக்கின்றன. கோப்பு கெட்டுவிட்டது, வைரஸ் தின்றுவிட்டது, வேர்டு பழுதாகிவிட்டது என்று வீட்டில் ஆளுக்கொரு தீர்ப்பு வரும். பெரும்பாலும் இவற்றில் எதுவும் நடந்திருக்காது. கோப்பு எழுதப்பட்ட நாளில் இருந்தபடியே பத்திரமாக இருக்கிறது. அதைத் தமிழாக வரைந்து காட்டிய எழுத்துருதான் கணினியில் இல்லை.

அத்தகைய கோப்புகளை யூனிகோடுக்கு, அதாவது உலக மொழிகளின் எழுத்துகளுக்குத் தனித்தனி எண் தரும் பொதுத் தரத்துக்கு, மாற்றும் வேலையை இந்த வழிகாட்டி முதலிலிருந்து கடைசிவரை விளக்குகிறது. மாற்றியின் பொத்தானை அழுத்துவது அரை நிமிட வேலை. அதற்கு முன் கோப்பு எந்தக் குறியாக்கத்தில் (எந்த எண் எந்த எழுத்தைக் குறிக்கும் என்ற ஏற்பாட்டில்) இருக்கிறது என்று அடையாளம் காண்பதும், அதற்குப் பின் மாற்றி செய்து வைத்த கோளாறுகளைத் தேடிப் பிடிப்பதும்தான் உண்மையான உழைப்பு என்பதால், கட்டுரையின் பெரும்பகுதி அவ்விரண்டிலுமே செல்கிறது.

எழுத்துகள் ஏன் இப்படித் தெரிகின்றன

கணினிக்குள் எழுத்து என்று எதுவும் இல்லை, எண்கள்தான் உண்டு. அந்தக் காலத்து எழுத்துருக்களில் ஓர் எழுத்துக்கு ஒரு பைட், அதாவது 256 இடங்கள் மட்டுமே இருந்தன. அவற்றிலும் முதல் 128 ஆங்கிலத்துக்கும் நிறுத்தக்குறிகளுக்கும் போய்விட்டன. 247 தமிழ் எழுத்துகளை மிச்சத்தில் அடைக்க முடியாது என்பதால், எழுத்துரு செய்தவர்கள் கொம்பு, கால், விசிறி எனத் துண்டு துண்டாக வரைந்து, அவற்றை ஆங்கில எழுத்துகளின் இடங்களில் உட்கார வைத்தார்கள். இலங்கையிலும் புலம்பெயர்ந்தோரிடையிலும் பெரிதும் புழங்கிய பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று அடித்தால், கோப்பில் பதிவாவது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து குறிகள்தான். பாமினி இருந்தால் அது தமிழ். இல்லையென்றால் அது பூனை விசைப்பலகையில் நடந்த தடம்.

ஒவ்வொரு நிறுவனமும் தனக்குத் தோன்றிய இடத்தில் தனக்குத் தோன்றிய துண்டை வைத்ததால், ஒருவர் அனுப்பிய கடிதத்தை இன்னொருவர் படிக்க அதே எழுத்துருவையும் வாங்க வேண்டியிருந்தது. இந்தக் குழப்பத்தைத் தீர்க்க இணையத் தமிழர்கள் கூடிப் பேசித் திஸ்கி என்ற குறியாக்கத்தை வகுத்தார்கள். 1998 பொங்கல் அன்று தொடங்கப்பட்ட மதுரைத் திட்டம் என்ற தன்னார்வ மின்னூல் முயற்சி, யூனிகோடுக்கு மாறும் முன் தன் நூல்களை அதில் வெளியிட்டது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு டாம், டாப் என்ற இரண்டு தரங்களை அறிவித்தது. தரம் வகுத்ததன் உடனடி விளைவு, ஏற்கெனவே நீண்டிருந்த பட்டியலில் மேலும் இரண்டு பெயர்கள் சேர்ந்ததுதான்.

யூனிகோடில் தமிழ் 1991-இல் வெளியான முதல் பதிப்பிலேயே இடம்பெற்றுவிட்டது. ஆனால் விண்டோஸ் 2000-உம் அதனுடன் வந்த லதா எழுத்துருவும் வரும்வரை பொதுமக்களுக்கு அதனால் பயனில்லை. தமிழ்நாடு அரசு யூனிகோடையும் டேஸ்-16 என்ற குறியாக்கத்தையும் 2010-இல்தான் தரமாக ஏற்றது. அச்சகங்கள் அதற்குப் பிறகும் அசையவில்லை. அவர்கள் கையில் இருந்த பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளுக்கு யூனிகோடே தெரியாது. 2001-இல் வந்த ஏழாம் பதிப்போடு அதன் வளர்ச்சி நின்றுவிட்டது. அதே வகை மென்பொருளான இன்டிசைன் இந்திய மொழிகளை ஒழுங்காகக் கோக்கத் தொடங்கியது 2012-இல் வந்த சிஎஸ்-6 பதிப்பில்தான். ஆகவே உங்களிடம் இருக்கும் கோப்பு 2015-ஆம் ஆண்டினதாக இருந்தாலும் அது பழைய எழுத்துருவில் இருப்பதில் வியப்பில்லை.

முதல் படி: மூலத்தைத் தொடாதீர்கள்

சிடியில் இருப்பதை அப்படியே வன்தட்டுக்கு நகலெடுத்து, அந்தக் கோப்புறைக்கு 'மூலம்' என்று பெயரிட்டு, பண்புகள் பகுதியில் 'படிக்க மட்டும்' என்று குறியிட்டு விடுங்கள். வேலை எல்லாம் இன்னொரு நகலில் நடக்கட்டும். வீட்டில் எழுதிய சிடிகளுக்கு ஆயுள் அதிகமில்லை. படிக்கும்போது இயக்கி முனகத் தொடங்கினால், ஒவ்வொரு கோப்பாகத் திறந்து ரசித்துக்கொண்டிருக்காமல் முதலில் எல்லாவற்றையும் இறக்கிவிடுங்கள். சிடியில் எழுத்துருக் கோப்புகள் இருந்தால் அவையும் சேர்ந்து வரட்டும். அச்சகத்தார் பெரும்பாலும் ஒரு கோப்புறையில் அவற்றைப் போட்டுக் கொடுப்பது வழக்கம். அது கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

கோப்பை வேர்டில் திறப்பதற்கு முன், விருப்பங்களில் தானியங்கித் திருத்தம் முழுவதையும் அணைத்துவிடுங்கள். காரணம் பின்னால் வருகிறது. இப்போதைக்கு இது கட்டாயம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: குப்பை எந்த வகைக் குப்பை என்று பாருங்கள்

திரையில் தெரியும் குப்பையை உற்றுப் பார்த்தால் அது தன் ஊரைச் சொல்லிவிடும். மாற்றியைத் தேடி ஓடுவதற்கு முன் இந்த இரண்டு நிமிடத்தைச் செலவிடுவது நல்லது, ஏனெனில் சில வகைகளுக்கு மாற்றியே தேவையில்லை.

சாதாரண ஆங்கிலச் சிறிய எழுத்துகளும், சொற்களின் நடுவிலும் முடிவிலும் ஏராளமான அரைப்புள்ளிகளும் தெரிந்தால் அது பாமினி வகை. அதில் அரைப்புள்ளிதான் மெய்யெழுத்தின் புள்ளி; தமிழில் புள்ளி இல்லாத வரி ஏது? மாறாக, தலையில் கோடும் தொப்பியும் போட்ட ஐரோப்பிய எழுத்துகள், சென்ட் குறி, பின்னக் குறிகள் எல்லாம் கலந்து தெரிந்தால், அது மேல்பாதி 128 இடங்களில் தமிழை வைத்த திஸ்கி, டாப் போன்ற இருமொழிக் குறியாக்கம். திஸ்கியை அடையாளம் காண ஓர் எளிய வழி உண்டு. அதில் 'த' என்ற எழுத்து இருக்கும் இடம், மேலைநாட்டு எழுத்துருவில் முக்கால் என்ற பின்னக் குறியின் இடம். ஆகவே 'தமிழ்' என்ற சொல் முக்கால், தலையில் கோடு போட்ட பெரிய ஏ, சென்ட் குறி, கோடு போட்ட சிறிய யூ என்று தெரியும். ஒரு பக்கத்தில் ஐம்பது இடங்களில் முக்கால் முக்கால் என்று வந்தால் அது காய்கறிக் கடைக் கணக்கு அல்ல, திஸ்கி.

மூன்றாவது வகையில் ஒவ்வோர் எழுத்துக்கும் மூன்று மூன்று குறிகளாக வரும்; மூன்றில் முதலாவது எப்போதும் தலையில் சாய்கோடு போட்ட சிறிய ஏ-வாகவும், இரண்டாவது பெரும்பாலும் வட்டத்துக்குள் ஆர் போட்ட பதிவு வணிகக் குறியாகவும் இருக்கும். தமிழ் எழுத்துகளுக்கு ஏதோ நிறுவனம் காப்புரிமை வாங்கிவிட்டதோ என்று தோன்றும். உண்மையில் இது ஏற்கெனவே யூனிகோடில் இருக்கும் கோப்பு. கோப்பைத் திறந்துகாட்டிய மென்பொருள் அதை யூடிஎஃப்-8 (யூனிகோடைப் பைட்டுகளாகப் பதியும் முறை) என்று உணராமல் பழைய மேலைநாட்டுக் குறியாக்கமாகப் படித்துவிட்டது. யூடிஎஃப்-8-இல் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட்டுகள் ஆவதால்தான் மும்மூன்றாகத் தெரிகிறது. கோப்பை மூடிவிட்டு, திறக்கும்போது குறியாக்கம் யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்தால் போதும். இதை எழுத்துரு மாற்றிக்குள் செலுத்தினால் குப்பை இரட்டிப்பாகும்.

எழுத்துகளுக்குப் பதில் வெற்றுக் கட்டங்கள் தெரிந்தால் உரை நன்றாக இருக்கிறது, யூனிகோடு எழுத்துருதான் இல்லை என்று பொருள். வரிசையாகக் கேள்விக்குறிகள் மட்டுமே தெரிந்தால், வருந்துகிறேன், அது கேள்வி அல்ல, பதில். யாரோ யூனிகோடு உரையை நோட்பேடில் ஒட்டி, பழைய ஆன்சி முறையில் சேமித்திருக்கிறார்கள். எழுத்துகள் எல்லாம் உண்மையாகவே கேள்விக்குறிகளாக மாறிப் பதிவாகிவிட்டன. அந்தக் கோப்பிலிருந்து எதையும் மீட்க முடியாது. வேறு நகல் இருக்கிறதா என்று தேடுவது ஒன்றே வழி. 2019-இல் வந்த விண்டோஸ் 10 புதுப்பிப்பிலிருந்து நோட்பேடு தானாகவே யூடிஎஃப்-8-இல் சேமிப்பதால் இந்த விபத்து இப்போது குறைந்திருக்கிறது.

மூன்றாம் படி: குறியாக்கத்தின் பெயரைக் கண்டுபிடியுங்கள்

வேர்டு கோப்பானால் குப்பையான ஒரு பத்தியைத் தேர்ந்தெடுத்து, மேலே எழுத்துருப் பெயர் காட்டும் பெட்டியைப் பாருங்கள். எழுத்துரு கணினியில் இல்லாவிட்டாலும் கோப்பில் பதிவான பெயரை வேர்டு அங்கே காட்டும். பிடிஎஃப் கோப்பானால் அதன் பண்புகள் சாளரத்தில் எழுத்துருக்களுக்கென்று ஒரு தாவல் இருக்கிறது. அதில் பெயருக்கு முன்னால் ஆறு ஆங்கில எழுத்துகளும் ஒரு கூட்டல் குறியும் ஒட்டியிருந்தால் அவற்றைப் புறக்கணித்துவிட்டு மிச்சத்தைப் படியுங்கள்.

பெயர் கிடைத்தவுடன் வேலை முடிந்துவிடாது. எழுத்துருவின் பெயர் வேறு, குறியாக்கத்தின் பெயர் வேறு. ஒரே குறியாக்கத்தில் அழகுக்காகப் பல எழுத்துருக்கள் வெளியாகியிருக்கும். தமிழ்நாட்டு அரசு அலுவலகக் கோப்பு என்றால் முதலில் வானவில் அவ்வையார் என்ற எழுத்துருவைச் சந்தேகிக்கலாம். அச்சகத்துக் கோப்பு என்றால் ஸ்ரீலிபி முதல் அந்த அச்சகத்தார் மட்டுமே அறிந்த ஏதோ ஒன்று வரை எதுவாகவும் இருக்கலாம். இலங்கை, ஐரோப்பா, கனடாவிலிருந்து வந்தது என்றால் பாமினிக்கே முதல் வாய்ப்பு.

பெயரே தெரியாத நிலையில், கோப்பில் நிச்சயமாக இருக்கும் ஒரு வரியைத் தேர்ந்துகொள்ளுங்கள். நூலின் தலைப்பு, ஆசிரியரின் பெயர், கடிதமானால் 'அன்புள்ள' என்ற தொடக்கம் போன்றவை இதற்கு உதவும். அந்த ஒரு வரியை மட்டும் எடுத்து, மாற்றியில் உள்ள ஒவ்வொரு குறியாக்கத் தேர்விலும் போட்டுப் பாருங்கள். தமிழ் போலத் தோன்றுவது போதாது. தவறான குறியாக்கம்கூடச் சில எழுத்துகளைச் சரியாகக் காட்டிவிடும். தெரிந்த வரி எழுத்துக்கு எழுத்து ஒத்துவந்தால் மட்டுமே ஏற்றுக்கொள்ளுங்கள்.

எதுவுமே ஒத்துவராவிட்டாலும் எழுத்துருக் கோப்பு கையில் இருந்தால் வழி உண்டு. ஃபாண்ட்ஃபோர்ஜ் என்ற இலவச மென்பொருளில் அதைத் திறந்தால், எந்த எண்ணில் எந்தத் துண்டு வரையப்பட்டிருக்கிறது என்று கட்டம் கட்டமாகத் தெரியும். இடப்பக்கம் எண், வலப்பக்கம் யூனிகோடு எழுத்து என்று ஓர் அட்டவணை எழுதிவிட்டால், அதுவே உங்கள் சொந்த மாற்றி. ஒரு மாலைப்பொழுது போகும். ஆனால் நூறு கோப்புகள் காத்திருந்தால் அந்த மாலை வீணில்லை.

நான்காம் படி: உரையை வெளியே எடுங்கள்

வேர்டு கோப்பானால் இந்தப் படியில் வேலை அதிகமில்லை. பேஜ்மேக்கர் கோப்பானால், அந்த மென்பொருள் இன்னும் இயங்கும் ஒரு கணினியைத் தேட வேண்டும். ஊரில் அழைப்பிதழ் அச்சடிக்கும் டிடிபி கடைகளில் விசாரித்தால், விண்டோஸ் எக்ஸ்பி போட்ட ஒரு கணினி இதற்கென்றே தூசியோடு உயிர்வாழ்வதைக் காணலாம். உரையை ஆர்டிஎஃப் வடிவில் ஏற்றுமதி செய்து தரச் சொல்லுங்கள். வெற்று உரையாக எடுத்தால் எந்தச் சொல் எந்த எழுத்துருவில் இருந்தது என்ற தகவல் போய்விடும்; அது அடுத்த படிக்குத் தேவை.

பிடிஎஃப் மட்டுமே இருந்தால், அதிலிருந்து நகலெடுத்து ஒட்டுவதை நம்பிக்கையோடு செய்ய வேண்டாம். வரி முடிவுகள் உடையும், சில துண்டுகள் காணாமல் போகும். பழைய எழுத்துரு பிடிஎஃப்-களில் படத்திலிருந்து எழுத்தை உணரும் ஓசிஆர் முறையே பல நேரம் மேல். டெசராக்ட் என்ற கட்டற்ற மென்பொருளும், கூகுள் டிரைவில் ஏற்றி டாக்ஸில் திறக்கும் வசதியும் தமிழைப் படிக்கின்றன. எழுத்துச் சீர்திருத்தம் வந்த 1978-க்கு முந்தைய நூலின் வருடல் என்றால், துதிக்கை வைத்த பழைய 'ணை', 'லை' வடிவங்களில் இவை தடுக்கி விழும் என்பதை எதிர்பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: ஆங்கிலத்தைப் பிரித்து வையுங்கள்

பாமினி போன்ற ஒருமொழி எழுத்துருக்களில் இந்தப் படியைத் தாண்டிச் சென்றவர்கள்தான் பிற்பாடு அதிகம் அவதிப்படுகிறார்கள். கோப்பில் தமிழ்ப் பகுதி பாமினியிலும், நடுவில் வரும் ஆங்கிலச் சொற்கள் டைம்ஸ் நியூ ரோமனிலும் இருக்கும். வேர்டுக்கு அந்த வேறுபாடு தெரியும். உரையை நகலெடுத்து இணைய மாற்றியில் ஒட்டும்போது வேறுபாடு மறைந்து, மாற்றி எல்லாவற்றையும் தமிழாகவே மாற்றித் தள்ளும். மின்னஞ்சல் முகவரிகள் சங்க காலத்துக்கு முந்தைய ஏதோ மொழியில் திரும்பி வருவது இப்படித்தான்.

இதில் மிகப் பரவலான விளைவு காற்புள்ளியில் தெரிகிறது. பாமினியில் காற்புள்ளியின் எண்ணில் உட்கார்ந்திருப்பது 'இ'. தட்டச்சர் காற்புள்ளியை ஆங்கில எழுத்துருவில் அடித்திருந்தால், கண்மூடித்தனமான மாற்றத்துக்குப் பிறகு 'கொழும்புஇ யாழ்ப்பாணம்இ திருகோணமலை' என்று வரும். இலங்கை சார்ந்த இணையப் பக்கங்களில் இப்படி வாலில் 'இ' தொங்கும் ஊர்களையும் ஆட்களையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். அது வட்டார வழக்கு அல்ல.

வழி எளிது. வேர்டின் 'தேடி மாற்று' சாளரத்தில், தேடும் பெட்டியில் சொல் எதுவும் எழுதாமல் எழுத்துரு டைம்ஸ் நியூ ரோமன் என்று மட்டும் குறிப்பிடுங்கள். மாற்றும் பெட்டியில், கண்டதை அப்படியே திரும்ப எழுதச் சொல்லும் குறியின் (கேரட்டும் ஆம்பர்சண்டும் சேர்ந்த ^&) இருபுறமும் ஓர் அடையாளத்தை வையுங்கள். அடையாளமாகத் தமிழ் வருடக் குறியான ௵ நன்றாக உதவும். பழைய எழுத்துருவின் இடங்களில் அது இல்லை, எந்த மாற்றியும் அதைத் தொடாது, உங்கள் கட்டுரையில் இயல்பாக வர வாய்ப்பும் இல்லை. மாற்றிய பின் ௵ குறிகளுக்கு இடையில் இருக்கும் உளறலை மூலத்தைப் பார்த்து ஆங்கிலத்தில் அடித்துவிடலாம். வேர்டு கோப்பையே நேராகப் படித்து, குறிப்பிட்ட எழுத்துருவில் உள்ளதை மட்டும் மாற்றும் கருவி கிடைத்தால் இந்தப் படியே தேவையில்லை.

ஆறாம் படி: மாற்றுங்கள்

விண்டோஸில் என்எச்எம் மாற்றி, உலாவிக்குள் இயங்கும் பொங்குதமிழ், பைத்தான் நிரல்மொழி அறிந்தவர்களுக்கு ஓப்பன் தமிழ் நிரலகம் என்று கருவிகளுக்குக் குறைவில்லை. கோப்புகள் ஏராளமாக இருந்தால் கடைசியாகச் சொன்னதே சரி. ஒரு சிறு நிரல் எழுதிவிட்டு எல்லாவற்றையும் ஒரே ஓட்டத்தில் முடிக்கலாம். பத்திரங்கள், மருத்துவக் குறிப்புகள் போன்றவற்றை முகம் தெரியாத இணையதளங்களில் ஒட்டாமல், சொந்தக் கணினியில் இயங்கும் கருவியிலேயே மாற்றுவது நல்லது.

முழு நூலையும் ஒரே மூச்சில் போடாமல் முதலில் ஒரு பக்கத்தை மட்டும் மாற்றிப் பாருங்கள். அந்தப் பக்கத்தில் கொ, கோ, கௌ, டி, டீ, தூ, றூ, ஐ, ஔ, ஃ, ஸ்ரீ, க்ஷ ஆகியவற்றில் முடிந்தவரை பல இருக்குமாறு தேர்ந்தெடுங்கள். மாற்றிகள் 'அம்மா', 'ஆடு' எழுதத் தடுமாறுவதில்லை; இவற்றில்தான் சறுக்குகின்றன.

சொந்தமாக மாற்றி எழுதுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழைய எழுத்துருக்கள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் எழுத்தைச் சேமித்தன: 'கோ' என்றால் முதலில் இரட்டைக் கொம்பு, பிறகு க, பிறகு கால். யூனிகோடு ஒலிக்கும் வரிசையில் சேமிக்கிறது: முதலில் க, பிறகு ஓகாரக் குறி. ஆகவே துண்டுகளைப் பெயர்த்த பின் கொம்புகளை மெய்க்குப் பின்னால் நகர்த்த வேண்டும், அதிலும் மூன்று துண்டு எழுத்துகளான ஒகர, ஓகார வரிசைகளை முதலில் முடித்துவிட்டே எகர, ஏகார வரிசைகளுக்கு வர வேண்டும். வரிசை தவறினால் 'கோ' என்பது கே-யும் காலுமாகப் பதிவாகும். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஆனால் பல மென்பொருள்களில் 'கோவில்' என்று தேடினால் கிடைக்காது. யூனிகோடு இயல்பாக்கத்தில் என்எஃப்சி என்ற முறையை ஓட்டினால் இந்த இரட்டைப் பதிவுகள் ஒன்றாகிவிடும். பைத்தானில் இது ஒரே வரி. எந்தக் கருவியால் மாற்றியிருந்தாலும் இதைக் கடைசியில் ஒருமுறை ஓட்டிவிடுங்கள்.

ஏழாம் படி: கோளாறுகளை வேட்டையாடுங்கள்

திரையில் தமிழ் வந்துவிட்டது என்ற மகிழ்ச்சியில் கோப்பை அச்சுக்கு அனுப்பிவிடும் கட்டம் இதுதான். அனுப்பாதீர்கள். நோட்பேட் பிளஸ் பிளஸ் போன்ற, குறி குறியாகத் தேடவல்ல ஓர் உரைத்தொகுப்பியில் கோப்பைத் திறந்துகொள்ளுங்கள். வேர்டின் தேடல் உயிர்க்குறிகளைத் தனியாகத் தேடும்போது அடிக்கடி பிடிவாதம் பிடிக்கும்.

முதலில் தமிழ் அல்லாத எழுத்துகளைத் தேடுங்கள். ௵ குறிகளுக்கு வெளியே ஒற்றை ஆங்கில எழுத்தோ தொப்பி போட்ட எழுத்தோ மிச்சமிருந்தால், மாற்றியின் அட்டவணையில் அந்தத் துண்டு விடுபட்டிருக்கிறது என்று பொருள். அது எல்லா இடத்திலும் ஒரே தமிழ்த் துண்டுக்கே நிற்கும். ஒன்றைக் கண்டுபிடித்தால் மொத்தமாக மாற்றிவிடலாம். அடுத்து, புள்ளிகளால் ஆன வட்டம் தெரியும் இடங்களைப் பாருங்கள். உயிர்க்குறி ஒட்டிக்கொள்ள மெய் இல்லாமல் அந்தரத்தில் நிற்கும்போது எழுத்துரு காட்டும் அடையாளம் அது.

அதன் பிறகு ஔகாரம். பழைய எழுத்துருக்களில் 'கௌ' என்பது ஒற்றைக் கொம்பு, க, ள என்ற மூன்று துண்டுகள். அந்த 'ள' ஔகாரத்தின் பகுதியா, தனி எழுத்தா என்று கோப்பில் எந்தக் குறிப்பும் இல்லை. எச்சரிக்கையான மாற்றி எல்லாவற்றையும் தனி 'ள'-வாக விட்டு 'கெளரவம்', 'மெளனம்', 'பெளர்ணமி' என்று தரும். துணிச்சலான மாற்றி எல்லாவற்றையும் ஔகாரமாக்கி 'வௌியே', 'வௌ்ளை', 'தௌிவு' என்று தரும். இரண்டாவது வகையில் ஒரே மெய்யின் மேல் இரண்டு குறிகள் ஏறியிருக்கும். சில எழுத்துருக்களில் அது சரியாக வரையப்பட்டதுபோலவே தெரிவதால் கண்ணுக்குத் தப்பிவிடும்.

இதற்குப் பெரும்பாலும் பொய்க்காத ஒரு விதி உண்டு. அந்த 'ள'-வுக்குப் பின் உயிர்க்குறியோ புள்ளியோ வந்தால் அது தனி எழுத்து. எதுவும் வராமல் அடுத்த எழுத்து தொடங்கினால் அது ஔகாரம். 'வெளி'யில் இகரக் குறி வருகிறது, 'வெள்ளை'யில் புள்ளி வருகிறது, 'கெளுத்தி'யில் உகரம் வருகிறது. 'வௌவால்' என்பதில் எதுவும் வருவதில்லை. ஆகவே ஔகாரக் குறியை அடுத்து வேறு குறி வரும் இடங்களையெல்லாம் தேடி எகரக் குறி, ள, அந்தக் குறி என்று மாற்றுங்கள். எகரக் குறிக்குப் பின் வெறும் 'ள' வரும் இடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து ஔகாரமாக்குங்கள். தமிழில் இந்த இரண்டாம் வகைச் சொற்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான் என்பதால் வேலை விரைவில் முடியும்.

பாமினிக் கோப்பு என்றால் இப்போது அடுத்த பகை: தானியங்கித் திருத்தம். பாமினியில் சிறிய எழுத்து அகர வரிசையையும் பெரிய எழுத்து உகர வரிசையையும் தரும். சிறிய எஃப் அடித்தால் 'க', பெரிய எஃப் அடித்தால் 'கு'. வேர்டுக்கோ அது தமிழ் என்று தெரியாது. வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிதாக்குவது தன் கடமை என்று நினைக்கும். 'கடல்' என்பது பாமினியில் எஃப், எல், வை, அரைப்புள்ளி. பறப்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் அப்படியே அமைந்துவிட்டதால் எழுத்துப்பிழைச் சோதனைகூட அதை ஐயப்படாது. முதலெழுத்து பெரிதாகும்போது 'கடல் அமைதியாக இருந்தது' என்று தொடங்கும் கதை 'குடல் அமைதியாக இருந்தது' என்று ஆகிவிடும். 'தமிழ்' துமிழ் ஆகும், 'படம்' புடம் ஆகும்.

இதற்கு எதிர்த்திசையிலும் ஒரு திருத்தம் உண்டு. சொல்லின் முதல் இரண்டு எழுத்துகள் பெரியவையாக இருந்தால் இரண்டாவது கைத்தவறு என்று எண்ணி வேர்டு அதைச் சிறிதாக்கும். 'முருகன்' என்பதில் மு, ரு இரண்டும் பெரிய எழுத்துகள் ஆதலால் அவன் முரகன் ஆகிவிடுவான். குருவி குரவி ஆகும். எழுதியவர் அப்போதே பார்த்துத் திருத்தியிருக்கலாம், திருத்தாமலும் விட்டிருக்கலாம். ஆகவே வாக்கியங்களின் முதற்சொற்களைத் தனியாக ஒருமுறை படித்துவிடுங்கள். திருத்தம் நடப்பது தட்டச்சு செய்யும்போதுதான் என்றாலும், பழைய கோப்பில் நீங்கள் ஒரு சொல்லைச் சேர்க்கப்போய்ப் புதிதாக ஒரு குடலை உண்டாக்கிவிடக் கூடாது என்பதற்காகவே முதல் படியில் அதை அணைக்கச் சொன்னது.

சொல்லின் இறுதியில் தொங்கும் 'இ'-க்களையும் இப்போது காற்புள்ளியாக்கலாம். தமிழ்ச் சொல் எதுவும் மெய்யெழுத்தையோ உயிர்க்குறியையோ அடுத்துத் தனி 'இ'-யில் முடியாது என்பதால் மொத்தமாக மாற்றுவதில் ஆபத்து குறைவு. 'அ, ஆ, இ' என்று வரிசையிட்ட பட்டியல்களும், 'இ' என்ற தலைப்பெழுத்துள்ள ஆட்களும் மட்டும் விதிவிலக்கு.

'ர'-வும் காலும் வடிவத்தில் நெருங்கியவை என்பதால் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை அடித்த தட்டச்சர்கள் ஏராளம். அச்சில் அது யாருக்கும் தெரியவில்லை. யூனிகோடில் அது வேறு சொல். இதற்கு விதி இல்லை, ஒரு தமிழ் எழுத்துப்பிழைச் சோதனையும் பொறுமையும்தான் உண்டு. 'ஸ்ரீ'யிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. 2005-இல் யூனிகோடில் 'ஶ' தனியாகச் சேர்க்கப்பட்ட பிறகு, 'ஸ'-வில் தொடங்கும் ஸ்ரீ, 'ஶ'-வில் தொடங்கும் ஸ்ரீ என இரண்டு பதிவுமுறைகள் புழக்கத்தில் உள்ளன. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே படம். உங்கள் கோப்பில் ஸ்ரீதர், ஸ்ரீரங்கம் எல்லாம் ஒரே முறையில் இருக்குமாறு ஒன்றைத் தேர்ந்து சீராக்கிவிடுங்கள். எதைத் தேர்ந்தாலும் மற்ற கட்சி குறை சொல்லும்.

எண்களை மட்டும் மூலத்தோடு ஒப்பிட்டு ஒரு முறை சரிபாருங்கள். சொல்லில் வரும் பிழையை வாசகர் ஊகித்துக்கொள்வார். பத்திரத்தில் சர்வே எண்ணில் வரும் பிழையை எதிர்க்கட்சி வக்கீல் மட்டுமே ஊகிப்பார்.

எட்டாம் படி: சேமிப்பது

வெற்று உரை என்றால் யூடிஎஃப்-8. வடிவமைப்பு வேண்டும் என்றால் இன்றைய வேர்டு வடிவம். கோப்பு முழுவதையும் தேர்ந்தெடுத்து எழுத்துருவை நிர்மலா யூஐ அல்லது வேறொரு யூனிகோடு எழுத்துருவாக மாற்ற மறக்காதீர்கள். பெயரளவில் பாமினி என்று விட்டுவைத்தால், பாமினி உள்ள கணினியில் திறக்கும் யாராவது அதில் தொடர்ந்து தட்டச்சு செய்து, பாதி யூனிகோடும் பாதி பாமினியுமாக ஒரு புதுக் கலப்பினத்தை உங்களுக்கே திருப்பி அனுப்புவார்.

முகவரிப் பட்டியல், நூலகப் பட்டியல் போன்ற எக்செல் தாள்களை மாற்றியிருந்தால் அகர வரிசையை மீண்டும் அடுக்குங்கள். யூனிகோடின் எண் வரிசையில் ந-வை அடுத்து ன, ர-வை அடுத்து ற என்று உட்கார்ந்திருப்பதால், எண்ணை மட்டும் பார்த்து அடுக்கும் மென்பொருள் நெடுங்கணக்கு வரிசையைத் தராது. தமிழ் மொழிக்கான வரிசையாக்கத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மாற்றிய கோப்போடு மூலக் கோப்பையும், கிடைத்திருந்தால் அதன் எழுத்துருவையும், அந்த எழுத்துரு பொதியப்பட்ட ஒரு பிடிஎஃப்-ஐயும் ஒரே கோப்புறையில் வைத்து, எந்தக் குறியாக்கத்திலிருந்து எந்தக் கருவியால் மாற்றினீர்கள் என்று இரண்டு வரிக் குறிப்பை யூனிகோடிலேயே எழுதிப் போட்டுவிடுங்கள்.